பெட்டித் தேனீயும் காட்டுத் தேனீயும்: கேள்வி பதில்

கேள்வி: தேனீக்கள் அழிந்துவருகின்றன என்கிறார்கள். ஆனால் உலகத்தில் தேன் பெட்டிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்றும் படித்தேன். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. பெட்டியில் வளர்ப்பவை அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி, 1961க்குப் பிறகு உலக அளவில் பெட்டிகள் கூடித்தான் இருக்கின்றன. ஒரு கூட்டம் மடிந்தால், வளர்ப்பவர் இன்னொரு கூட்டத்தைப் பிரித்து அந்த இடத்தை நிரப்பிவிடுவார். காட்டுத் தேனீக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அமெரிக்காவின் ஓரிகன், கலிபோர்னியா எல்லைப் பகுதியில் வாழ்ந்த பிராங்க்ளின் பம்பிள் தேனீயை (பம்பிள் தேனீ என்பது உடல் தடித்த, ரோமம் அடர்ந்த ஒரு தேனீ வகை) கடைசியாகப் பார்த்தது 2006இல். என் கவலையெல்லாம் காட்டுத் தேனீக்களைப் பற்றித்தான்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவி. அமெரிக்காவில் தேனீக்கள் கூட்டமாகக் காணாமல் போனதற்குக் காரணம் தெரிந்ததா?

பதில்: 2006-07 குளிர்காலத்தில் நடந்தது அது. பெட்டியைத் திறந்தால் ராணி இருக்கும், புழுக்கள் இருக்கும், தேனும் இருக்கும். வேலைக்காரத் தேனீக்கள் இருக்காது, செத்த உடல்களும் கிடக்காது. ஆராய்ந்தவர்கள் ஒரே ஒரு குற்றவாளியைப் பிடிக்கவில்லை. உண்ணி, வைரஸ், பூச்சிக்கொல்லி, சத்துக்குறைவு, ஓயாத பயணம் எல்லாம் சேர்ந்து அடித்திருக்கின்றன. பயணம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் லாரிகளில் போகின்றன. நாடெங்கும் இருந்து வந்த தேனீக்கள் ஒரே தோப்பில் கலந்தால் நோயும் கலக்காதா?

கேள்வி: உண்ணி என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது?

பதில்: இதை விரிவாகவே சொல்கிறேன். நம் தலையீடு எங்கே போய் முடியும் என்பது இதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

வரோவா உண்ணி ஆசியத் தேனீயின் பழைய ஒட்டுண்ணி. அந்தத் தேனீயிடம் அது பெரும்பாலும் ஆண் புழுக்களின் அறைகளில்தான் பெருகும். ஆண் புழுக்களோ சில பருவங்களில் மட்டுமே இருக்கும். தேனீக்களும் உண்ணியைத் தேடிப் பிடித்து அப்புறப்படுத்தும். இரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று ஒழிக்காமல் வாழ்ந்தன. அதிகத் தேன் தரும் என்று ஐரோப்பியத் தேனீயைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தார்கள். உண்ணி தாவிவிட்டது. புதிய இடத்தில் அது வேலைக்காரத் தேனீக்களின் அறைகளிலும் பெருகத் தொடங்கியது.

அறைக்குள் நடப்பதைப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில், நீளத்தைவிட அகலம் கூடிய, ஒன்றரை மில்லிமீட்டர் உயிர் அது. மெழுகு மூடி போடப்போகும் தறுவாயில் உள்ளே நுழைந்து, புழுவுக்கு அடியில் உணவுக் குழம்புக்குள் பதுங்கிக்கொள்ளும். மூடியபின் தேனீயின் இளம் உடலில் ஒரு துளை போடும். தாயும் குஞ்சுகளும் அதே துளையில் உண்ணும். முதல் முட்டையிலிருந்து ஆண், அடுத்தவற்றிலிருந்து பெண்கள்; அந்த இருட்டிலேயே இணைசேர்ந்துவிடும். உண்ணி கடத்தும் வைரஸால், அறையை விட்டு வெளிவரும் தேனீயின் இறகு கசங்கிக் கிடக்கும். அது ஒருநாளும் பறக்காது.

பிறகு தேனீ வணிகத்தோடு உண்ணியும் கண்டம் கண்டமாகப் போனது. ஆஸ்திரேலியா நெடுங்காலம் தப்பித்திருந்தது. அங்கும் 2022இல் நுழைந்தது. ஒழிக்கும் முயற்சியை 2023இல் கைவிட்டார்கள்.

கேள்வி: செல்போன் கோபுரங்கள்தானே முக்கியக் காரணம்?

பதில்: இல்லை. வாழிட அழிவு, பூச்சிமருந்து, நோய் ஆகியவற்றுக்கு இருக்கும் வலுவான சான்று இதற்கு இல்லை. கோபுரத்தையே பேசிக்கொண்டிருந்தால் மருந்து தெளிப்பவர் நிம்மதியாக இருப்பார்.

கேள்வி: நான் விவசாயி. மருந்தில்லாமல் விளையாது. விதையில் பூசிய மருந்து தேனீயை எப்படித் தொடும்?

பதில்: உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் விதையில் பூசும் நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிமருந்து வகை செடி முழுவதும் பரவக்கூடியது. மகரந்தத்திலும் பூந்தேனிலும் வந்துவிடும். விதையில் பூசியதில் சிறு பங்கைத்தான் பயிர் எடுத்துக்கொள்ளும், மீதி மண்ணில் தங்கும். 2008இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் விதைத்தபோது, விதையில் சரியாக ஒட்டாத மருந்து தூசியாகப் பறந்து பக்கத்துப் பூக்களில் படிந்தது. 11,000க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. இவ்வகையில் மூன்று மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்த 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. பூச்சித் தாக்குதல் வருமுன்பே எல்லா விதைக்கும் பூசுவதை நிறுத்தினாலே பெரிய மாற்றம். தெளித்தே ஆகவேண்டும் என்றால் பூக்கும் நேரத்தைத் தவிர்த்து, தேனீ கூடு திரும்பியபின் தெளியுங்கள்.

கேள்வி: உள்ளூர்த் தேனீ குறைந்தால் வெளியிலிருந்து நல்ல இனத்தைக் கொண்டுவந்து விடலாமே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தக்காளிப் பூவில் மகரந்தம் சிறு துளையுள்ள குழாய்க்குள் அடைபட்டிருக்கும். பம்பிள் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு, பறக்கும் தசைகளை அதிரவைத்து அதை உதிர்க்கும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பசுமைக்குடில் தக்காளிக்காக 1990களின் இறுதியில் சிலி நாட்டுக்கு ஐரோப்பியப் பம்பிள் தேனீயை இறக்குமதி செய்தார்கள். அது பசுமைக்குடிலோடு நிற்கவில்லை. ஆண்டிஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவுக்குள் பரவியது. அது போன இடமெல்லாம், உலகின் மிகப் பெரிய பம்பிள் தேனீக்களில் ஒன்றான, தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள படகோனியாவின் செம்மஞ்சள் தேனீ மறைந்துகொண்டே வந்தது. உணவுப் போட்டி ஒரு பக்கம், வந்த இனம் சுமந்துவந்த நோய்க்கிருமிகள் மறுபக்கம். பரவிய பூச்சியைத் திரும்பப் பிடித்துவர வழியே கிடையாது.

கேள்வி: ரோபோ தேனீக்கள் வந்துவிட்டால் கவலையில்லை அல்லவா?

பதில்: உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு ஓரளவாவது விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கிறது. அதற்கும் அப்பால் எண்ணற்ற காட்டுச் செடிகள் இருக்கின்றன. எந்த நிறுவனம் காட்டுச் செடிக்கு ரோபோ அனுப்பும்?

கேள்வி: தேனீயைக் காப்பாற்ற வீட்டில் ஒரு பெட்டி வைக்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

பதில்: தேனுக்காக என்றால் முறையாகக் கற்றுக்கொண்டு வையுங்கள். காப்பாற்றுவதற்காக என்றால், பூ குறைந்த இடத்தில் இன்னொரு பெட்டி காட்டுத் தேனீயின் உணவைத்தான் பறிக்கும். தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. பல மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. வெயில் படும் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தாமல், சிமெண்ட் பூசாமல் விடுங்கள். அந்தந்த மண்ணுக்குரிய செடிகளில் வெவ்வேறு பருவங்களில் பூப்பவற்றை வளருங்கள். தரையில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை, சுற்றிலும் பொடிமண் தெரிந்தால் அது எறும்புப் புற்று என்று மருந்து போட்டுவிடாதீர்கள். சற்று நேரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.