சேலத்தில் ஹோட்டல் வேலைக்கு உள்ளூர்ப் பையன்கள் ஏன் வருவதில்லை?

சோம்பேறித்தனம் என்று முதலாளிகள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சப்ளையரின் நாளைப் பாருங்கள். காலை இட்லிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி கடைசி பரோட்டா வரை நிற்க வேண்டும். மதியம் கிடைக்கும் ஓய்வு வீட்டுக்குப் போய்வரக்கூடப் பத்தாது. சாப்பிட வருகிறவர் வயதுகூடப் பார்க்காமல் "டேய், டேபிளைத் துடை" என்பார். இந்த வேலை என்றால் பெண் கொடுக்கவும் யோசிக்கிறார்கள். அதே பையன் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. உணவு டெலிவரியில் வருமானம் நிச்சயமில்லைதான், ஆனால் தலைக்கு மேல் நின்று அதட்ட ஆளில்லை. அப்புறம் எப்படி வருவான்?

இப்போதைக்கு வடமாநிலத் தொழிலாளர்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். கூலியை உயர்த்துவதோடு, அந்த நாற்காலியையும் வாரம் ஒரு நாள் லீவையும் முதலில் கொடுக்கட்டும்.