தூக்குக்குண்டை எந்தச் சுவரில் வைப்பது?

வணக்கம் ஐயா,

நான் திருச்சிக்காரன். அரசுத் தணிக்கைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் அப்பா அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃப்ரீமேசன் என்ற, ரகசியச் சடங்குகள் கொண்ட சகோதரச் சங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினராக இருந்தார். மாதத்தில் ஒரு மாலை கறுப்புக் கோட்டு அணிந்து, சிறிய தோல்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அங்கே என்ன நடக்கிறது என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. போன வருடம் அவர் காலமான பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்தோம். நீல ஓரம் வைத்த வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன் ஒன்றும், ஒரு சின்னப் புத்தகமும் இருந்தன.

நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு நாள், அவருடைய லாட்ஜை, அதாவது சங்கத்தின் உள்ளூர்க் கிளையை, சேர்ந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கால்வாய்த் தடுப்புச் சுவர் ஒன்றின் பில் அப்பாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. "பிரதர்" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அப்பா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார். மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரை மறுபடி அளந்தார். எம்.புக்கில், அதாவது அளவுப் பதிவேட்டில், ஏறியிருந்ததைவிட அளவு குறைந்தது, பில்லும் குறைந்தது. அந்த மனிதர் பல மாதங்கள் அப்பாவோடு பேசவில்லை. அப்பா மட்டும் மாதாமாதம் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டு வந்தார்.

இப்போது என் மேலதிகாரி ஒருவர் என்னையும் சேரச் சொல்கிறார். என்னைத் தொலைவான மாவட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மனைவியும் பெண்ணும் திருச்சியில் இருக்கிறார்கள். "உள்ளே வந்துவிடுங்கள், பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் டிரான்ஸ்ஃபர் ஒரே போனில் முடியும்" என்கிறார். என் மாமாவோ அது சாத்தானைக் கும்பிடும் கூட்டம் என்கிறார். ஒழுக்கத்தைக் கற்பிக்கும் சங்கம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதை எப்படி எடுத்துக்கொள்வது? அப்பா செய்தது தன் சகோதரருக்கு இழைத்த துரோகமா? நான் சேரலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

டிரான்ஸ்ஃபருக்காகச் சேராதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாசலைத் தாண்டும்போது உங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று நேராக இதைப் பற்றியதுதான். ஆங்கிலேய மரபைப் பின்பற்றும் லாட்ஜ்களில் புதியவரைக் கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துவருவார்கள். நண்பர்களின் தகாத வற்புறுத்தலுக்கு ஆட்படாமல், ஆதாயம் கருதியோ வேறு இழிவான நோக்கத்தோடோ வராமல், முழு மனதோடு சேர விரும்புகிறீர்களா, உங்கள் மானத்தின் மேல் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். மேலதிகாரியின் பேச்சைக் காதில் வைத்துக்கொண்டு "ஆம்" என்று நீங்கள் சொன்னால், ஒழுக்கம் கற்கப் போன இடத்தில் உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது பொய். உங்கள் மேலதிகாரியும் ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு இதே கேள்விக்குப் பதில் சொன்னவர்தான். அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா என்று நீங்கள் தயங்க வேண்டாம். நான் உறுப்பினன் அல்லன்; எந்த உறுதிமொழியையும் மீறவில்லை. இந்தச் சடங்குகளை 1730-லேயே லண்டனில் ஒருவர் அச்சிட்டு விற்றுவிட்டார். அன்றிலிருந்து நூலகங்களில் கிடைக்கின்றன.

மாமாவின் பேச்சை விட்டுவிடுங்கள். சேருகிறவருக்கு இறைநம்பிக்கை இருக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. 1877-இல் பிரான்ஸின் தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியண்ட் அந்த விதியை நீக்கியது. அதனாலேயே இங்கிலாந்து அதனோடு உறவை முறித்துக்கொண்டது. இந்திய லாட்ஜ்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மறைநூல்களைத் திறந்து வைப்பது வழக்கம். அவரவர் தம் நூலின் மேல் கை வைத்துதான் உறுதிமொழி எடுக்கிறார்கள். கழுத்தை அறுக்கும் தண்டனை பற்றிய பழைய வாசகத்தை 1986-இல் இங்கிலாந்தின் தலைமை அமைப்பான ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் உறுதிமொழியிலிருந்து எடுத்துவிட்டது.

இனி அப்பா விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை இரண்டு நாள் பிடித்து வைத்தது அதுதான்.

அந்தச் சங்கத்தினர் ஒழுக்கத்தைக் கற்பிக்கும் விதம் கொத்தனாரின் கருவிகளைக் கொண்டது. மூலைமட்டம், கவராயம், மட்டப்பலகை, தூக்குக்குண்டு, உளி, சுத்தியல், 24 அங்குல அளவுகோல். அந்த 24 அங்குலமும் ஒரு நாளின் 24 மணி நேரம்: ஒரு பங்கு இறைவனுக்கு, ஒரு பங்கு உழைப்புக்கும் இளைப்பாறலுக்கும், ஒரு பங்கு துன்பத்தில் இருப்பவருக்கு. செதுக்காத கல்லும் செதுக்கிய கல்லும் லாட்ஜில் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். செதுக்காத கல் நாம்.

எங்கள் தெருவில் வீடு கட்டும்போது ஒரு கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதை நின்று பார்த்திருக்கிறேன். சுவரின் உச்சியில் கட்டையை அழுத்திப் பிடித்து நூலை விடுவார். குண்டு ஆடி ஆடி நிற்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டார். குண்டு சுவரில் ஒட்டினாலும் தப்பு, விலகி நின்றாலும் தப்பு. ஒரு முறை மூன்று வரிசைச் செங்கல்லை, ஈரம் காய்வதற்குள், யாரும் சொல்லாமல் தானே பிரித்தார். அது அவரே காலையில் கட்டிய சுவர். அந்தக் கருவியை அவர் எடுப்பதே தன் வேலையைப் பார்க்கத்தான். அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துக் குறை சொல்வதற்கு அவருக்கு நேரம் இல்லை. ஃப்ரீமேசன் ஒழுக்கத்தின் நல்ல பகுதி முழுவதும் எனக்கு அந்தச் சுவரடியில்தான் புரிந்தது.

சேர்க்கை முடிந்ததும் புதியவருக்கு ஓர் அறிவுரை வாசிக்கப்படுகிறது. இறைவனுக்கும் அயலாருக்கும் தனக்கும் அவர் செய்ய வேண்டிய கடமைகளை அது சொல்கிறது. அயலாரிடம் மூலைமட்டம் பிசகாமல் நடந்துகொள் என்பது அதில் வரும் வாக்கியம். அங்கே சகோதரன் என்ற சொல் இல்லை. அயலார் என்றுதான் இருக்கிறது. கால்வாய்ச் சுவருக்கு வரி கட்டியவர்கள் உங்கள் அப்பாவுக்கு அயலார். அவர்களில் எவரும் லாட்ஜுக்குள் இருக்கவில்லை, எவரும் வீட்டுக்கு வந்து காபி குடிக்கவில்லை. அவர்களுக்காகத்தான் அவர் டேப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஒப்பந்தக்காரருக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது நியாயம் இருந்ததா? உறுப்பினர் ஏறும் மூன்று படிகளில் கடைசியான மூன்றாம் படியில் எடுக்கும் உறுதிமொழியில், சகோதரனின் ரகசியத்தைக் காப்பேன் என்று சொல்லும் அதே மூச்சில் விதிவிலக்கும் சொல்லப்படுகிறது. கொலை, ராஜதுரோகம், பெருங்குற்றம், இறைவனின் நெறிக்கும் நாட்டின் சட்டத்துக்கும் மாறான எல்லாம் அந்தக் காப்புக்கு வெளியே. 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் தொகுத்த சட்ட நூலின் விதிகளும், மேசன் ஒருவன் அறநெறிக்குக் கட்டுப்பட்டவன் என்பதில்தான் தொடங்குகின்றன. ஆகவே அப்பா சங்கத்துக்குத் துரோகம் செய்யவில்லை. அதன் எழுத்தை அந்த வருடம் அந்த ஊரில் காப்பாற்றியவர் அவர்.

எழுத்தைக் காப்பாற்றாதவர்களின் கதையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1826-இல் நியூயார்க் மாநிலத்தில் பட்டேவியா என்ற சிற்றூரில் வில்லியம் மார்கன் என்பவர் சங்கத்தின் ரகசியங்களைப் புத்தகமாக வெளியிடப்போவதாகச் சொன்னார். மூன்று டாலருக்கும் குறைந்த கடன் ஒன்றுக்காக அவரைப் பிடித்து கனன்டைக்வா ஊர்ச் சிறையில் போட்டார்கள். செப்டம்பர் 12 இரவு யாரோ கடனைக் கட்டி வெளியே எடுத்தார்கள். சிறை வாசலிலேயே அவரை வண்டிக்குள் தள்ளினார்கள். கொலை, கொலை என்று அவர் கத்தியதைத் தெருவில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். நயாகரா கோட்டை வரை கொண்டுபோனது தெரியும், அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. முதல் வழக்கில் கிடைத்த அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுதான்.

இந்தக் கதையில் என்னை நிற்க வைப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் நயாகரா மாவட்டத்தின் ஷெரிஃப் எலி புரூஸ். சட்டத்தைக் காக்க வேண்டிய அவர், கடத்தலுக்கு உடந்தையாக இருந்து பின்னால் 28 மாதம் சிறையில் கிடந்தார். மற்றவர் மாநில ஆளுநர் டெவிட் கிளின்டன். நியூயார்க் கிராண்ட் லாட்ஜின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அவர்தான் மார்கனைக் கண்டுபிடிக்கப் பரிசு அறிவித்தார். அவர்தான் புரூஸைப் பதவியிலிருந்து நீக்கினார். இருவரும் ஒரே உறுதிமொழியைச் சொன்னவர்கள். புரூஸுக்கு அதில் சகோதரன் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. ஊர் மக்கள் கிளின்டனை நினைத்து மன்னிக்கவில்லை, புரூஸை நினைத்துக் கொதித்தார்கள். சங்கத்துக்கு எதிராக ஓர் அரசியல் கட்சியே எழுந்தது. நியூயார்க்கில் ஐந்நூறை நெருங்கியிருந்த லாட்ஜ்கள் சில ஆண்டுகளில் நூற்றுக்கும் கீழே போயின.

இத்தாலியில் நடந்தது இதைவிடப் பெரியது. 1981 மார்ச் 17 அன்று லிச்சோ ஜெல்லி என்பவரின் இடங்களைச் சோதித்த நிதிக் காவல் துறை, அவர் நடத்திய பி-2 என்ற லாட்ஜின் உறுப்பினர் பட்டியலைக் கண்டெடுத்தது. 962 பெயர்கள். அமைச்சர்கள், தளபதிகள், உளவுத் துறைத் தலைவர்கள், பத்திரிகை முதலாளிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பிரதமர் ஃபோர்லானியின் அரசு கவிழ்ந்தது. தீனா அன்செல்மி தலைமையில் நாடாளுமன்றக் குழு பல ஆண்டுகள் விசாரித்தது. 1982-இல் ரகசியச் சங்கங்களுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. ஜெல்லி அந்த மனிதர்களைச் சேர்த்ததும் ஒரு போனில் காரியம் முடிப்பதற்குத்தான். உங்கள் மேலதிகாரி சொன்னதும் அதே வாக்கியம்தான், அளவு மட்டும் சிறியது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் எந்தச் சங்கத்தில் சேரச் சொன்னாலும் அந்த வாக்கியம் தானாக வந்துவிடுகிறது, அவருக்கும் வந்திருக்கிறது.

ஆகவே எனக்கு ஒரு கருத்து உண்டு. அரசு வேலையில் இருப்பவர், அதிலும் உங்களைப் போலக் கணக்கைத் தணிக்கை செய்பவர், இப்படி ஒரு சங்கத்தில் இருந்தால் அலுவலகத்தில் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 1998 முதல் புதிதாக நியமிக்கப்படும் நீதிபதிகளை அப்படிச் சொல்ல வைத்தார்கள். இத்தாலிய மேசன்கள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, 2009-இல் அதைக் கைவிட்டார்கள். ஒருவர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார் என்பதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீதி கேட்டு வந்தவனுக்கு, எதிராளியும் நீதிபதியும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்களா என்று தெரிந்துகொள்ளும் உரிமை பெரிது. இதில் நான் அந்த ஏழை வாதியின் பக்கம்.

இன்னொன்று. மட்டப்பலகைக்கு எல்லாரும் சமம் என்பது அங்கே சொல்லப்படும் பாடம். ஆண்டர்சனின் விதிகளோ அடிமைகளையும் பெண்களையும் வாசலிலேயே நிறுத்தின. பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவரும் பதினான்கு தோழர்களும் 1775-இல் ஐரிஷ் படைப்பிரிவு லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தார்கள். அவர்கள் வழிவந்த லாட்ஜ்களை அமெரிக்க வெள்ளையர் கிராண்ட் லாட்ஜ்களில் ஒன்று முறையாக ஏற்றுக்கொள்ள 1989 வரை ஆயிற்று. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்காடு நவாபின் மகன் உம்தத்துல் உமரா 1770-களில் திருச்சியில்தான் மேசன் ஆனார். லண்டனிலிருந்து அவருக்கு ஏப்ரன் பரிசாக வந்தது. நூறு ஆண்டு கழித்துக் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வணிகர் ஓர் இந்துவாக உள்ளே போக ஒன்பது ஆண்டு போராடி, 1872-இல்தான் சேர்ந்தார். நவாபு வீட்டுப் பிள்ளைக்குச் சாய்ந்து கொடுத்த மட்டப்பலகை வணிகருக்கு விறைத்துக்கொண்டது. தத் தளராமல் மனு மேல் மனு போட்டார். அவர் கையில் இருந்த ஆயுதமும் அந்தச் சங்கத்தின் விதிகள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சங்கத்தை என்னால் தூக்கி எறிய முடியாமல் இருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு சடங்கு. உறுதிமொழி எடுத்த புதியவரை லாட்ஜின் வடகிழக்கு மூலையில் நிறுத்துவார்கள். அடிக்கல் நாட்டும் மூலை அது. நம் ஊரிலும் வீட்டுக்கு ஈசானிய மூலையில்தானே பூசை போடுகிறோம். ஏழை எளியவருக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று அங்கே கேட்பார்கள். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. உள்ளே வருவதற்கு முன்பே காசு, மோதிரம், கடிகாரம் என்று உலோகமாக இருந்த எல்லாவற்றையும் வாங்கி வைத்திருப்பார்கள். எத்தனை பெரிய பதவியில் இருப்பவரும் அத்தனை பேர் முன்னால், கொடுக்க ஒன்றும் இல்லை என்று சொல்லியாக வேண்டும். பிறகு சொல்வார்கள்: துன்பத்தில் இருக்கும் ஒருவன் உன் முன்னால் வந்து நிற்கும்போது, வெறுங்கையோடு நீ நின்ற இந்த நிமிடத்தை நினைத்துக்கொள்.

உங்கள் அப்பாவும் அந்த மூலையில் நின்றிருக்கிறார். பில்லைக் குறைத்த பிறகும் அந்த மனிதரின் பக்கத்தில் மாதாமாதம் போய் உட்கார்ந்தாரே, அது எனக்குப் பில்லைக் குறைத்ததைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கையெழுத்துப் போட மறுப்பது நேர்மை இருந்தால் முடியும். முகத்தைத் திருப்பிக்கொண்டவரின் பக்கத்து நாற்காலியில் பல மாதங்கள் உட்கார்ந்திருக்க வேறு ஒன்றும் வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் மனுவை அலுவலகம் வழியாகக் கொடுங்கள். மனைவியும் பெண்ணும் தனியாக இருப்பதை உள்ளபடி எழுதுங்கள். அது போதுமான காரணம். கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும், அதன் பிறகும் அந்த வாசலைத் தாண்ட ஆசை இருந்தால் உங்கள் மேலதிகாரி வழியாக இல்லாமல் அப்பாவின் லாட்ஜுக்கே நேராகப் போய்க் கேளுங்கள். மானத்தின் மேல் கேட்கும் கேள்விக்கு அப்போது தயங்காமல் பதில் சொல்ல முடியும்.

அந்த ஒப்பந்தக்காரர் இன்னும் இருக்கிறாரா? இருந்தால் ஏப்ரனைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு முறை அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். சுவர் அளந்த கதையை அவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.