செவப்பு வைன் நுரைச்சா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல

அட்டன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. இத்தாலியில வேலை செய்ற அக்கா நத்தாருக்கு வரும்போது லாம்ப்ருஸ்கோன்னு ரெண்டு போத்தல் வைன் கொண்டாந்தாங்களாம், ஒண்ண திறந்தா செவப்பா நுரை பொங்கிருச்சு, குடிச்சா இனிக்குது, கெட்டுப்போச்சுன்னு மாமா கீழ ஊத்திட்டாராம். மத்தத எப்படி குடிக்கிறது, சாதா செவப்பு வைன்ல சீனியும் ஈஸ்டும் போட்டு இறுக்கி மூடுனா இதே மாதிரி வருமான்னு கேள்வி.

கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிர்றேன், தயவுசெஞ்சு செய்யாதீங்க தம்பி. ஈஸ்ட் சீனியத் தின்னு அல்ககோலும் காபனீரொட்சைட்டும் ஆக்குது, மூடி வச்சா அந்த வாயு போக வழியில்லாம வைனுக்குள்ளயே கரையுது, நுரைங்கிறது அதுதான். லீட்டருக்கு 4 கிராம் சீனி நொதிச்சாலே சுமார் 1 வளிமண்டல அழுத்தம் ஏறும், ஷாம்பெய்னுக்கு 24 கிராம் போட்டு 6 வரைக்கும் கொண்டு போறாங்க, கார் டயர்ல இருக்குறது சுமார் 2தான். அதாவது 750 மில்லி போத்தலுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி சீனி போதும், அந்த அழுத்தத்துக்கு சாதா வைன் போத்தல் செய்யப்பட்டதே இல்ல. சின்ன வயசுல எங்க லயத்து வீட்டுல அம்மா போட்ட இஞ்சி பியர் போத்தல் ஒண்ணு ராத்திரி வெடிச்சு கண்ணாடித் துண்டு எதிர் சுவர்ல போய்க் குத்தியிருந்துச்சு, பகல்ல நாங்க அங்கதான் உக்காந்து படிப்போம். அதோட லைசன்ஸ் இல்லாம மது செய்றது நம்ம நாட்டுல குற்றமும் கூட.

இத்தாலியில எமிலியா ரோமாஞ்ஞா பக்கம் லாம்ப்ருஸ்கோங்கிற திராட்சைக் குடும்பத்துல இருந்து இத செய்றாங்க, சொர்பாரான்னா வெளிர் சிவப்பு, கிராஸ்பரோஸான்னா நல்ல கடுஞ்சிவப்பு. தோலோட ஊற வச்சுத்தான் நிறம் எடுக்குறாங்க, அப்புறம் பெரிய உருக்குத் தொட்டிக்குள்ள மூடி ரெண்டாந்தரம் நொதிக்க விடுறாங்க. இந்தத் தொட்டி முறைய 1895ல இத்தாலிக்காரர் மார்ட்டினோட்டி கண்டுபுடிச்சாரு, 1907ல பிரெஞ்சுக்காரர் ஷார்மா திருத்துனாரு. பழைய மாதிரி போத்தலுக்குள்ளயே நொதிக்க விடுறதும் உண்டு, அதுல அடியில கலங்கலா இருக்குறது ஈஸ்ட்தான், பயப்பட வேணாம்.

இனிப்பு ஏன்னு நம்ம மலையக ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம். பிளேன்டீய கடுப்பமா ஊத்தி ஆற விட்டு சீனியில்லாம குடிச்சுப் பாருங்க, நாக்க புடிச்சு இழுக்கும்ல, அந்தத் துவர்ப்பு டானின், செவப்பு வைன்லயும் அதேதான். குளிர்ல அது இன்னும் கூடுதலா தெரியும், நுரையோட புளிப்பும் சேர்ந்தா வாய் வறண்டே போயிரும். அதனாலதான் தோல்ல அதிக நாள் ஊற விடாம, பல வகையில கொஞ்சம் இனிப்பையும் மிச்சம் வைக்கிறாங்க, அது தரக்குறைவே இல்ல. லேபல்ல செக்கோன்னா இனிப்பில்லாதது, அமாபிலேன்னா நடுத்தர இனிப்பு, டோல்ச்சேன்னா நல்ல இனிப்பு. ஆஸ்திரேலியாவுல ஷிராஸ் திராட்சையில இதே மாதிரி நுரைக்கிற செவப்பு வைன் செஞ்சு அங்க நத்தாருக்கே குடிக்கிறாங்க.

இப்ப உங்க போத்தல். மலைக்கு ஏறுனா காத்தழுத்தம் கொறையும், 1,868 மீட்டர் உயரத்துல இருக்குற நுவரெலியாவுல கடல்மட்டத்துல இருக்குறதுல அஞ்சுல நாலு பங்குதான், அட்டன் அதவிட தாழ்வா இருக்குறதால அங்க அழுத்தம் கொஞ்சம் கூட. அதனால வாயு சீக்கிரம் கெளம்பும், வளைவு ரோட்டுல குலுங்கி வந்த போத்தல்னா இன்னும் மோசம், மொதல் போத்தல் பொங்குனதுக்கு இதுதான் காரணமா இருக்கும். ரெண்டு நாள் நிமித்தி அசையாம வைங்க, 10ல இருந்து 12 டிகிரிக்கு குளிர்ந்தா போதும், ஃப்ரீஸர் வேணவே வேணாம். கார்க்க ஒரு கையால அழுத்திப் புடிச்சுக்கிட்டு போத்தல மெதுவா திருப்புங்க, முகத்துக்கு நேரா வேணாம். அந்த ஊர்ல கொழுப்புள்ள பன்றி இறைச்சியோடதான் குடிப்பாங்க, நுரையும் புளிப்பும் கொழுப்ப கழுவி விடும், அதனால நம்ம பன்றிக்கறியோட அமாபிலே ரொம்ப பொருந்தும், மிளகாய மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கோங்க, நுரை எரிச்சல கூட்டும். மாமாவுக்கும் ஒரு கிளாஸ் கறியோட சேர்த்துக் குடுங்க, திறந்தா அன்னைக்கே முடிச்சிருங்க.