.243 ரைஃபிள்: கடைத் தோட்டா சரி, கையால் நிரப்பியது சிதறுது

100 கஜத்தில் கடைத் தோட்டா (குண்டின் எடை 100 கிரெயின்) ஒன்றரை அங்குலத்துக்குள் விழுது, நீங்க நிரப்பின 105 கிரெயின் மட்டும் நாலு அங்குலம் சிதறுதுன்னு எழுதியிருக்கீங்க. அப்போ ஸ்கோப்பையும் திருகுகளையும் இப்போதைக்குத் தொடாதீங்க. அவை தளர்ந்திருந்தா இரண்டுமே சிதறியிருக்கும்.

முதல்ல இலக்குத் தாளைப் பாருங்க. ஓட்டை வட்டமா இல்லாம நீள்வட்டமா இருந்தா, குண்டு தள்ளாடிக்கிட்டே போகுது. .243 ரைஃபிள்களில் குண்டைச் சுழல வைக்கிற, குழலுக்குள்ள இருக்கும் சுருள் பள்ளம் பெரும்பாலும் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான கூர்முனை 105-க்கு அது போதாம போகலாம். இதில் எடையைவிட நீளம்தான் முக்கியம்.

அளந்தே பார்த்துடலாம். தோட்டா இல்லைன்னு உறுதி செஞ்சு, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) கழற்றி, தானாகச் சுழலும் கைப்பிடி உள்ள க்ளீனிங் ராடில் இறுக்கமா துணி சுத்தி உள்ளே விடுங்க. ராடில் ஒரு கோடு போட்டு மெதுவா இழுங்க. கோடு ஒரு முழுச் சுற்று வர எத்தனை அங்குலம் ஆச்சோ, அதுதான் ட்விஸ்ட்.

10 வந்தா, அடி தட்டையா இருக்கிற 95 அல்லது 100 கிரெயின் குண்டுக்கு மாறிடுங்க. பழைய வெடிமருந்து அளவை அப்படியே போடாதீங்க. அந்தக் குண்டுக்கான, தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்கணும்.

ஓட்டை வட்டமாவே இருந்தா, சந்தேகம் குண்டை அமர்த்தும் ஆழத்து மேல. அதை ஆளுக்கொரு விதமா சொல்வாங்க. கையேடு சொல்ற மொத்தத் தோட்டா நீளத்திலேயே ஐந்து சுட்டுப் பார்த்துட்டு எழுதுங்க.