கூலியை மிச்சம் பிடியுங்கள், சாமானில் கை வைக்காதீர்கள்

கேள்வி: 2014 மாடல் ஆல்டோ 800 வைத்திருக்கிறோம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும்போது ஒவ்வொரு சர்வீஸும் இடிக்கிறது. எதையெல்லாம் வீட்டிலேயே செய்யலாம்?

பதில்: ஏர் ஃபில்டர், வைப்பர் பிளேடு, பல்பு, பேட்டரி, ஸ்பார்க் பிளக், என்ஜின் ஆயில். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த ஆறு போதும். பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட், பெட்ரோல் குழாய் இந்த நான்கையும் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். ஆல்டோ 800 என்ஜினில் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைப்பது பல் வைத்த இந்த டைமிங் பெல்ட்தான். அது ஒரு பல் தவறி உட்கார்ந்தாலே வண்டி சரியாக ஓடாது.

கூலி அதிகம் மிச்சமாவது ஆயில் மாற்றுவதில்தான். வண்டியின் கையேட்டில் சொன்ன கிரேடில் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்கு (பழைய ஆயில் இறங்கும் துளையை மூடும் போல்ட்) புது வாஷர் மூன்றையும் முதலில் வாங்கி வையுங்கள். ஃபில்டரையும் சேர்த்து மாற்றினால் இந்த என்ஜினுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில்தான் அழுக்கோடு இறங்கும். கொதிக்கக் கொதிக்க இறக்கினால் கை வெந்துவிடும்.

வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக் ஸ்டாண்டில் (தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கி) நிறுத்துங்கள். ஒரு ஜோடி ஸ்டாண்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் கூடாது.

டிரெயின் போல்ட்டை ரிங் ஸ்பானரால் கழற்றுங்கள். வாய் திறந்த ஸ்பானர் போட்டால் போல்ட்டின் முனைகள் மழுங்கும். ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வீட்டு வேலையில் அடிக்கடி நடக்கிற தவறு இது. இரண்டு வளையம் சேர்ந்தால், வண்டி ஓடும்போது அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் துளி ஆயில் தடவி, ஃபில்டரைக் கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஃபில்டரை ஸ்பானர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றவே வராது. டிரெயின் போல்ட்டைப் புது வாஷரோடு மாட்டும்போது பலம் கொண்ட மட்டும் இறுக்கினால், ஆயில் நிற்கும் அடித்தொட்டியான சம்ப்பின் மரை போய்விடும். மிச்சம் பிடித்த கூலியைப் போல் பல மடங்கு அதற்குப் போகும்.

முதலில் இரண்டரை லிட்டர் ஊற்றி, என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். கீழே கசிவு இல்லை என்றால் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கைப் பார்த்து, மேல் கோட்டைத் தாண்டாமல் நிரப்புங்கள். கூடுதலாக ஊற்றினால் என்ஜினின் கிராங்க் தண்டு சுழலும்போது ஆயில் நுரைக்கும்; நுரை மசகாக வேலை செய்யாது. பழைய ஆயிலைக் காலி கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றக் கூடாது.

கேள்வி: ஒரே ஃபில்டருக்குக் கடைக்குக் கடை விலை வேறு. டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வண்டி பெயரைச் சொல்லிக் கேட்காமல் பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். பாக்கெட் சாமானில் எம்ஆர்பி, தயாரித்த மாதம், வருடம், தயாரிப்பாளர் முகவரி, புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதி. இவை இல்லாத பாக்கெட்டை மலிவு என்று தொடாதீர்கள். கார் கம்பெனிக்கே ஃபில்டர் செய்து கொடுக்கும் நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் விலை குறைவு. அதை வாங்குவதில் தப்பில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பில்லில் பழையபடி 28 சதவீதம் போட்டால் காரணம் கேளுங்கள். பில் இல்லாமல் 'வரி மிச்சம்' என்று வாங்கினால் பிறகு புகார் செய்யப் பிடிமானம் இருக்காது. கடைக்காரர் எம்ஆர்பிக்கு மேல் காசு வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். ஆயில் கேன் காலியானதும் ஓட்டை போட்டுவிடுங்கள். லேபிள் கிழியாத கேனைத்தான் போலிக்காரர்கள் தேடுவார்கள்.

கேள்வி: பேட்டரிக்கு 36 மாத வாரண்டி என்றார்கள். 26-ஆம் மாதம் செத்துவிட்டது. இப்போது பாதிப் பணம் கட்டு என்கிறார் கடைக்காரர். சரியா?

பதில்: வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள். 18+18 என்று இருந்தால், முதல் 18 மாதம் மட்டுமே இலவச மாற்று. மீதி 18 மாதத்துக்குப் புது பேட்டரி விலையில் அட்டையில் குறித்த சதவீதம் தள்ளுபடி, அவ்வளவுதான். அந்தத் தள்ளுபடி பல நேரம் எம்ஆர்பியின் மேல் கணக்கிடப்படும். கடைகளோ சாதாரணமாகவே எம்ஆர்பிக்குக் கீழேதான் விற்கின்றன. எனவே வாரண்டியில் வரும் விலையையும், பழையதைப் போட்டுப் புதிது எடுக்கும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், குற்றம் பேட்டரியிடம்தானா? சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டினால் சார்ஜ் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ வயரிலோ இருக்கலாம். புது பேட்டரி போட்டாலும் அதுவும் படுத்துவிடும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். மாற்றிச் செய்தால் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய சாமான் வாங்கலாமா?

பதில்: கண்ணாடி, கதவுக் கைப்பிடி, டெயில் லேம்ப், பம்பர் தாராளமாக வாங்கலாம். ரப்பர், பெல்ட், பிரேக், கிளட்ச், ஏர்பேக் வேண்டவே வேண்டாம். உங்கள் வண்டியில் கழற்றிய சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு, பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுக்கும் சாமான் எந்த வண்டியிலிருந்து கழன்று வந்ததோ!

கேள்வி: பிரேக் பேட் நீங்களே மாற்றலாம் என்று வீடியோக்கள் சொல்கின்றனவே?

பதில்: தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தால் செய்யலாம். தனியாக, முதல் முறையாக வேண்டாம். பிரேக் பேடை மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு போய்க் கூலிக்கு மாட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். கழற்றிய பேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே சக்கரத்தின் பேடுகளில் ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் இறுகியிருக்கலாம். அதைச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை நாலைந்து தடவை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டே கியர் போடுங்கள்.