குலுக்கலில் பெயர் வராத பிள்ளை

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நகரங்களின் ஏழைப் பிள்ளைகளுக்காக, அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளைப் பெருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கறுப்பின மக்களின் மூத்த அமைப்பான என்ஏஏசிபி, 2016-இல் அவற்றின் விரிவாக்கத்தையே நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு, வருடத்துக்கு 12 பள்ளிகள் வரை கூடுதலாக அனுமதிக்கலாமா என்று எங்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றோம். யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்களே மறுக்கும்போது ஏன் இந்தப் பிடிவாதம்?

எஸ்., பாஸ்டன்

அன்புள்ள எஸ்.,

பிடிவாதம்தான். அதை எனக்குத் தந்ததே உங்கள் ஊர். கட்டணம் இல்லாத இப்பள்ளிகளில் இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல் போட்டாக வேண்டும். பெயர் வந்த பிள்ளை, வராத பிள்ளை, இருவரின் பெற்றோரும் அக்கறையோடு விண்ணப்பித்தவர்களே. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்கிரிஸ்டும் அவருடைய சகாக்களும் பாஸ்டனில் இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். இடம் கிடைத்தவர்கள், முக்கியமாகக் கணிதத்தில், வெகுவாக முன்னேறியிருந்தார்கள். நல்ல பிள்ளைகளைப் பொறுக்கிக்கொள்கிறார்கள் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. அப்படியிருக்க, பெயர் வராத பிள்ளையிடம், இத்தனை பள்ளிகள்தான் என்ற உச்சவரம்பைக் காட்டி வாசலை மூட எனக்கு மனம் வரவில்லை.

என்ஏஏசிபி தீர்மானத்தை முழுதாகப் படியுங்கள். நிரந்தரத் தடை எதுவும் அதில் இல்லை. சில நிபந்தனைகள் நிறைவேறும்வரை நிறுத்தச் சொல்கிறது. பொதுப் பள்ளிகளுக்கு உள்ள கணக்குக் காட்டும் பொறுப்பு இவற்றுக்கும் வேண்டும், பிள்ளைகளை வெளியேற்றுவது நிற்க வேண்டும் என்கிறது. இரண்டையும் நான் அப்படியே ஏற்கிறேன்.

வெளியேற்றுவது என்றால் பெயரை அடித்துவிடுவது மட்டுமில்லை. சில பள்ளிகளில் ஆசிரியர் நகரும் பக்கமெல்லாம் கண் நகர வேண்டும், நடைக்கூடத்தில் வாய் திறக்காமல் வரிசையில் போக வேண்டும். சட்டை நுனி வெளியே தெரிந்தால் ஒரு குறி. குறிகள் சேர்ந்தால் இடைநீக்கம். மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்யும் தாய் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு அழைத்துப்போக வர வேண்டும். நாலு முறை வந்தவள் ஐந்தாம் முறை தானே பள்ளியை மாற்றிவிடுகிறாள். ஏட்டில் அது 'விருப்ப விலகல்'. அந்தக் காலி இடத்தில் நடுவகுப்பில் புதுப் பிள்ளையைச் சேர்க்காத பள்ளிகளும் உண்டு. அங்கே தேர்ச்சி விகிதம் தானாக உயரும். இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இது திருத்தக்கூடியது: கிப் (KIPP) என்ற சார்ட்டர் குழுமத்தின் பள்ளிகள் 'கடுமையாக உழை, நல்லபடி நடந்துகொள்' என்ற தங்கள் பழைய முழக்கத்தை 2020-இல் தாங்களே கைவிட்டன.

எல்லா சார்ட்டரையும் வளர்க்கச் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2023 ஆய்வில் ஏழைக் கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழிவந்த) மாணவர்கள் சார்ட்டர் பள்ளிகளில் முன்னேறியிருந்தார்கள். இணையவழி சார்ட்டர்களில் படித்தவர்களோ படுமோசமாகப் பின்தங்கினார்கள். அந்த வகைக்கு ஒரு இடம்கூடக் கூட்டக் கூடாது.

உங்கள் ஊர்க்காரர்களின் அச்சத்தில் பணமும் இருந்தது, அது நியாயமானது. பிள்ளை சார்ட்டருக்குப் போனால் அவனுக்கான அரசுப் பணமும் கூடவே போய்விடுகிறது. கட்டடச் செலவும் ஆசிரியர் சம்பளமும் பழைய பள்ளியில் அப்படியே நிற்கின்றன. அந்த இழப்பைச் சில ஆண்டுகளுக்கு மாநிலம் ஈடுகட்ட வேண்டும் என்று மாசசூசெட்ஸில் விதியே இருக்கிறது. அந்தத் தொகை முழுதாக வருவதும், காலியான இடங்களை எல்லா வகுப்புகளிலும் நிரப்புவதும் சட்டத்தில் கட்டாயமானால், அடுத்த வாக்கெடுப்பில் நீங்கள் 'ஆம்' என்று போட வேண்டும் என்றே கேட்பேன்.