வைரஸ் மாறிவிட்டால் பழைய எதிர்ப்புச் சக்தி வீணா?

கேள்வி: எனக்கு 2017இல் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். அம்மாவுக்கு 2006இல், மன்னாரில் இருந்தபோது, சிக்குன்குனியா வந்தது. இந்த மாரியிலும் எங்கள் பக்கம் காய்ச்சல் தொடங்கிவிட்டது. நுளம்பால் வரும் வைரஸ்கள் பரவப் பரவ மரபணு மாறி வீரியமாகின்றன என்கிறார்கள். அப்படியென்றால் ஒருமுறை வந்ததால் கிடைத்த பாதுகாப்பு வீண்தானா, டொக்டர்?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: மாறுவது உண்மை. ஆனால் மாறுவதெல்லாம் வீரியமாவதில்லை.

இந்த இரண்டு வைரஸ்களின் மரபுப்பொருளும் ஆர்.என்.ஏ. டெங்குவில் அது ஏறத்தாழ 10,700 எழுத்து நீளம். அதைப் படியெடுக்கும் நொதியத்துக்குப் பிழை திருத்தத் தெரியாது. அதனால் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து பிசகுகிறது. பெரும்பாலான பிசகுகள் வைரஸுக்கே கேடு. அதோடு இவை மனிதரிலும் வளர வேண்டும், நுளம்பிலும் வளர வேண்டும். ஒன்றில் உதவும் மாற்றம் மற்றதில் காலை வாரிவிடும். அதனால்தான் இவை வேறு பல ஆர்.என்.ஏ வைரஸ்களைவிட மெதுவாக மாறுகின்றன.

எப்போதாவது ஒரு மாற்றம் பலித்துவிடும். 2005-06இல் இந்து சமுத்திரத்தில் உள்ள ரியூனியன் தீவில் சிக்குன்குனியா மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைப் பிடித்தது. அங்கே வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில் 226ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி, மாறியிருந்தது, அலனின் போய் வாலின் வந்திருந்தது. அவ்வளவுதான். அந்த ஒரே மாற்றத்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற நுளம்பில் வைரஸ் முன்னைவிட நன்றாகத் தொற்றியது. நம் வளவுகளில் சிரட்டையிலும் மரப்பொந்திலும் பெருகுகிற நுளம்பு அது. இலங்கையில் 2006இல் வந்த வைரஸில் அந்த மாற்றம் இல்லை, 2008இல் எடுத்த மாதிரிகளில் இருந்தது. கேரளத்திலும் 2007இல் அதே மாற்றம் தனியாகத் தோன்றியது. ஒரே தேவை வந்தபோது வெவ்வேறு இடங்களில் வைரஸ் ஒரே வழியைக் கண்டுபிடித்தது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஆனால் கவனியுங்கள், அந்த மாற்றம் உதவியது நுளம்பில் வளர்வதற்கு. நம் எதிர்ப்புச் சக்தியை ஏய்ப்பதற்கு அல்ல. சிக்குன்குனியாவில் ஒரே வகைதான் உண்டு. ஒருமுறை வந்தவருக்குப் பாதுகாப்பு பொதுவாக நெடுங்காலம் நிற்கும். அம்மாவைப் பற்றி அந்தப் பயம் வேண்டாம். இப்போது மூட்டு வலி இருந்தால் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கதை வேறு. டெங்குவில் நான்கு வகை. வந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நிலைக்கும், மற்ற மூன்றுக்கும் எதிரானது சில மாதங்களில் போய்விடும். 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது முன்னின்றது இரண்டாம் வகை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அது இங்கே குறைவாக இருந்ததால், எதிர்ப்பு இல்லாதவர்கள் ஏராளம். மரபணு மாற்றத்தைவிட இப்படி வகை மாறி வருவதுதான் உங்களுக்கு முக்கியம். இரண்டாம் முறை வேறு வகை தொற்றும்போது, பழைய எதிர்ப்புப் புரதங்களே வைரஸ் நம் உடற்கலங்களுக்குள் நுழைய உதவி நோயைக் கடுமையாக்கலாம்.

நுளம்பு பொதுவாகச் சில நூறு மீற்றருக்கு மேல் பறப்பதில்லை. புதிய வகை ஏ9 வீதியில் பஸ்ஸில்தான் வருகிறது, தொற்றிய மனிதரின் இரத்தத்தில். அது இங்கே பரவ உங்கள் வளவு நுளம்பு வேண்டும். ரயர், பீலி, மூடாத தண்ணீர்த்தொட்டி எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்.

காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினாக் வேண்டவே வேண்டாம். மூன்றாம் நாளுக்குப் பிந்தாமல் இரத்தம் சோதியுங்கள், முன்பு டெங்கு வந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போது விடாத வாந்தி, வயிற்று வலி, சலம் குறைதல், கைகால் குளிர்தல், இரத்தக் கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.